பனிப்பாதையும் பண்டசாலையும்



சந்தைக்குச் செல்லும் வழி ஆண்டில் இரண்டு மாதங்கள் மட்டுமே திறந்திருக்குமாயின், நம் இல்லத்தரசிகள் எவ்வாறு குடும்பம் நடத்துவர்? கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் 2003ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய டயாவிக் வைரச் சுரங்கம் இவ்வினாவுக்கே விடை காணவேண்டியிருந்தது.

யெலோநைவ் நகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தொலைவில், ஏரி நடுவேயுள்ள தீவொன்றில் அமைந்தது அச்சுரங்கம். நிலையான தெரு எதுவும் அங்கே செல்வதில்லை. மாரியில் ஏரிகள் உறைந்த பின்னர் அவற்றின்மீது பனிப்பாதை அமைக்கப்படும். முழுச்சுமை ஏற்றிய லொறிகளைத் தாங்க ஏறத்தாழ ஒரு மீற்றர் தடிப்புள்ள பனிக்கட்டி வேண்டும். அவை மெல்ல ஊர்ந்தே செல்லல் வேண்டும். விரைந்தால், கீழுள்ள நீரில் அலை எழுந்து பனிக்கட்டியைப் பிளந்துவிடும். டீசல், சீமெந்து, இயந்திர உறுப்புகள் ஆகியன ஓராண்டுத் தேவைக்குக் கணக்கிடப்பட்டு அவ்வழியே வந்து பண்டசாலையை நிரப்பும்.

கணக்குச் சரியாயினும் காலம் பிழைத்தல் உண்டு. 2006ஆம் ஆண்டின் மாரி வழமையிலும் வெப்பமாயிருந்தமையால் பாதை முன்னதாகவே மூடப்பட்டது. அப்பாதையை நம்பிய சுரங்கங்கள் அனைத்துக்குமாக ஏறத்தாழ 6,800 சுமைகளே சென்றன. அடுத்த ஆண்டிலோ 10,900க்கு மேற்பட்டவை சென்றன. எஞ்சிய எரிபொருளையும் பண்டங்களையும் பெருஞ்செலவில் விமானங்களில் ஏற்ற நேர்ந்தது.

இத்தகைய வேளையில் பண்டசாலைப் பொறுப்பாளர் கேட்கவேண்டிய வினா, "எது குறைகிறது?" என்பதன்று, "எது இல்லையேல் வேலை நின்றுவிடும்?" என்பதே. தேவையைக் குறைத்தலும் ஒரு வழியாகும். 2012இல் டயாவிக் நான்கு காற்றாலைகளை நிறுவி டீசற் செலவைக் குறைத்தது.

அயலிலேயே வாங்கலாகாதா எனச் சிலர் வினவலாம். அவ்வடபுலம் டீசலையோ பேரியந்திரங்களையோ ஆக்குவதில்லை. ஆயினும் அங்குள்ள மக்களிடம் உழைப்பும் அனுபவமும் உண்டு. பனிப்பாதை அமைத்தல், சுமையேற்றல், சமையல், விமானப் போக்குவரத்து முதலிய பணிகளை அவர்கள் ஆற்ற வல்லவர்கள். இனுயிட் மக்கள் பெரும்பங்கு உரிமை பெற்ற நிறுவனமொன்றே அப்பனிப்பாதையை அமைக்கும் பணியை ஏற்றது. 1999இல் செய்யப்பட்ட உடன்படிக்கையில், உற்பத்திக் காலக் கொள்வனவில் 70 வீதத்தை வடபுல நிறுவனங்களிடம் பெறுவதெனச் சுரங்கத்தார் இலக்கு வகுத்தனர்.

இங்கு ஒரு எச்சரிக்கையும் வேண்டும். தென்னகத்துப் பொருளை வாங்கி, பெயர்ப்பலகையை மட்டும் வடக்கில் மாட்டி விற்பவரிடம் கொள்வனவு செய்தால், பணம் வந்த வழியே திரும்பிவிடும். ஊராரின் கைக்கு எவ்வளவு கூலியும் தொழிலறிவும் சேர்ந்தன என்பதே உரைகல்லாகும். வைரம் ஒருநாள் தீர்ந்துபோகும். கற்ற தொழிலோ வேறொரு வேலைக்கும் உதவும். நம்மூரில் ஆலையொன்று எழும்போதும் இவ்வினாவை நாம் தொடக்கத்திலேயே கேட்டல் நன்று.