திரைக்குப் பின்னால் இருந்த ஓவியம்

சித்திரப் படம் என்றால் எலியும் பூனையும் துரத்திக்கொள்ளும் வேடிக்கை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். தங்கள் பிள்ளைகள் ஜப்பானிய ‘அனிமே’ படங்களிலும், ‘மங்கா’ எனப்படும் சித்திரக்கதை நூல்களிலும் மூழ்கிக் கிடப்பதாகப் பெற்றோர் சிலர் என்னிடம் முறையிடுவதுண்டு. அப்பிள்ளைகளுள் ஒருவன் எங்கள் பீடச்சிறுவன். அவனைக் கண்டிக்கும் நோக்கத்தோடுதான் அவன் பார்ப்பதை நானும் பார்க்க அமர்ந்தேன். கண்டிக்கச் சென்றவன் இரசிகனாகித் திரும்பியதை வாசகர்களிடம் மறைப்பானேன்?

அவன் காட்டியது ‘ஃபிளாண்டர்ஸ் நாட்டு நாய்’ என்னும் தொடர். 1975ஆம் ஆண்டு முழுவதும் ஞாயிறு மாலைதோறும் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்தது. மொத்தம் 52 பகுதிகள். ஊயிடா என்னும் புனைபெயர் பூண்ட ஆங்கிலப் பெண் எழுத்தாளர் 1872இல் வெளியிட்ட சிறிய கதையே இதற்கு மூலம்.

பெல்ஜியத்து ஆண்ட்வெர்ப் நகருக்கு அருகே ஒரு சிற்றூர். அங்கே பாட்டனோடு வாழும் அநாதைச் சிறுவன் நெல்லோ. பழைய எசமானன் அடித்து வதைத்துத் தெருவோரம் எறிந்துபோன பத்ராஷ் என்னும் நாயை அவர்கள் காப்பாற்றுகின்றனர். அது பால்வண்டி இழுக்கிறது. இவ்வளவுதான் நிகழ்ச்சி, வாரக்கணக்கில் பால்வண்டி போகிறது, வருகிறது. ஆயினும் சலிப்புத் தோன்றவில்லை. பாதிக்கு மேல் போனபின் அச்சிறுவன் நம் பங்கைச் சேர்ந்தவனாகவே ஆகிவிடுகிறான்.

நெல்லோவுக்கு ஓவியனாக ஆசை. ஆண்ட்வெர்ப் அன்னை பேராலயத்தில் ரூபன்ஸ் தீட்டிய மரியன்னையின் விண்ணேற்பு ஓவியத்தைக் கண்டு மகிழ்கிறான். அதே ஆலயத்தில் அவருடைய வேறு இரு பேரோவியங்கள் உண்டு: சிலுவை உயர்த்தப்படும் காட்சி ஒன்று, ஆண்டவரைச் சிலுவையினின்று இறக்கும் காட்சி மற்றொன்று. கதையில் அவை திரையிட்டு மூடப்பட்டுள்ளன. காசு கொடுத்தால்தான் திரை விலகும். சிறுவனிடம் காசில்லை. பாடுபட்ட ஆண்டவரைக் காண ஏழைக்குக் கட்டணம்! இந்தக் கட்டம் வரும்போதெல்லாம் நான் நாற்காலியில் நெளிந்தேன். திருவிழா நாளில் உபயகாரர்களுக்கு முன்வரிசை ஒதுக்குகிறவன் அல்லவா நான்?

பாட்டனார் இறக்கிறார். தீ வைத்தான் என்ற வீண்பழி சிறுவன்மேல் விழுகிறது. குடியிருந்த குடிசையும் போகிறது. கிறிஸ்து பிறப்பின் முன்னிரவில், பனியில் கிடந்த பணப்பையைத் தன்னை வெறுத்தவர் வீட்டிலேயே ஒப்படைத்துவிட்டு ஆலயத்திற்கு வருகிறான். அன்று திரை விலகியிருக்கிறது. ஓவியங்களின் முன்னே, தேடி வந்த நாயைத் தழுவியபடியே உயிர் விடுகிறான்.

அமெரிக்கத் திரைப்படங்களில் இம்முடிவை மாற்றிச் சிறுவனைப் பிழைக்க வைத்ததுண்டு. ஜப்பானியர் மாற்றவில்லை. குழந்தைகளுக்குச் சாவைக் காட்டலாமா என்பர் சிலர். பெரிய வெள்ளியன்று பாடுபட்ட சுரூபத்தை முத்தமிடக் குழந்தைகளைத் தூக்கிப் பிடிக்கும் நாம் அவ்வாறு கேட்பது பொருந்தாது. இறுதியில் வானதூதர் இறங்கிவந்து இருவரையும் ஏந்திச் செல்வதுதான் எனக்குச் சற்று மிகையெனப்பட்டது. பீடச்சிறுவனோ அதுவே சரி என்று சாதித்தான்.

இத்தொடரைப் பார்த்து வளர்ந்த ஜப்பானியர் பலர் அப்பேராலயத்தைத் தேடி வருகின்றனர். கதையை அதிகம் அறிந்திராத உள்ளூர் மக்களுக்கு அது வியப்பாக இருந்ததாம். 2016 முதல் ஆலயத்தின் முன் ஒரு சிற்பம் இருக்கிறது. தெருவில் பாவிய கற்களே போர்வையாக மடிந்து மேலே கிடக்க, சிறுவனும் நாயும் உறங்குகின்றனர்.

படம் முடிந்ததும் பீடச்சிறுவன் கேட்டான்: “சாமி, அன்று ராத்திரி அந்தக் கோவில் சாமியார் எங்கே போயிருந்தார்?”

மூலக்கதையைப் புரட்டினேன். வீட்டுக்குப் போகும் அவசரத்திலோ தூக்கக் கலக்கத்திலோ காவலாளி ஒரு கதவைச் சரியாகப் பூட்டாமல் விட்டதால்தான் நெல்லோ உள்ளே நுழைய முடிந்தது. குருக்கள் விடிந்த பிறகே வருகின்றனர்.

அவ்வாண்டு நள்ளிரவுத் திருப்பலி முடிந்து, கோயில்பிள்ளை சாவிக்கொத்தோடு வந்தபோது சற்றுப் பொறுக்கச் சொன்னேன். விளக்கை ஏந்திக் கடைசித் தூண்வரை ஒருமுறை சுற்றி வந்தேன். ஒருவரும் இல்லை. பிறகுதான் பூட்டச் சொன்னேன்.