ஒன்பதாம் வகுப்பில் ஒரு பாடவேளை

டம்ளரைக் கையில் வாங்கும்போதே அக்கா கேட்டுவிட்டாள்: "ஏன் தம்பி, பிள்ளைககிட்டப் போயி சாவைப் பத்திப் பேசலாமா?"

பெரியம்மா மகள். அவள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் மகன் ஒன்பதாவது படிக்கிறான். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அவள்தான் தலைவி. ஒன்பதாம் வகுப்புக்கு மனநலம் பற்றி வகுப்பு எடுக்கலாம், தற்கொலைத் தடுப்பும் அதில் வரும் என்று தலைமையாசிரியை போன கூட்டத்தில் சொன்னாராம். கேட்டதும் பாதிப் பெற்றோருக்கு முகம் மாறிவிட்டது. சும்மா இருக்கிற பிள்ளை மனசில் நாமே விதை போடுவதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அடுத்த கூட்டத்துக்குள் அக்கா பதில் வைத்திருக்க வேண்டும்.

பிள்ளை மேல் உயிரை வைத்திருப்பவர்கள் கேட்கிற கேள்வி அது. அதைத் தள்ளிவிட்டு மேலே போகக்கூடாது. டீயை ஆற்றிக்கொண்டே ஆரம்பத்திலிருந்து சொன்னேன்.

இதே பயம் அமெரிக்கப் பெற்றோருக்கும் இருந்தது. நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளின் மாணவர்கள் 2,342 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் கொடுத்த கேள்வித்தாளில் தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்டிருந்தது. மற்ற பிரிவின் தாளில் அந்தக் கேள்விகள் இல்லை. இரண்டு நாள் கழித்து எல்லாரையும் விசாரித்தார்கள். கேட்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கலக்கமும் கூடவில்லை, அந்த எண்ணமும் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களும், முன்பு ஒருமுறை முயன்றவர்களும் கேட்கப்பட்ட பிறகு கொஞ்சம் இறுக்கம் குறைந்தே காணப்பட்டார்கள். 2005இல் வெளியான ஆய்வு இது.

"அப்ப பேப்பர்ல படிச்சு, டிவியில பாத்து, அதே மாதிரி பண்ணிக்கிறாங்கன்னு சொல்றதெல்லாம் பொய்யா?"

பொய் இல்லை அக்கா, அதுவும் உண்மைதான் என்றேன். எப்படி இறந்தார், எங்கே இறந்தார் என்று விலாவாரியாக எழுதி, படத்தையும் கடைசிக் கடிதத்தையும் போட்டால், ஏற்கெனவே தளர்ந்திருக்கும் ஒருவருக்கு அது வழிகாட்டிவிடும். அதனால்தான் வகுப்பில் இரண்டு பேச்சுக்கு இடமே கிடையாது: இறந்த விதம், இறந்த பிள்ளையின் கதை. இந்த ஊரில் போன வருஷம் ஒரு பையன் என்று ஆரம்பிக்கவே கூடாது. உங்கள் கூட்டத்தில் பயந்தவர்கள் இந்த இடத்தில் சரியாகத்தான் பயந்திருக்கிறார்கள். ஆனால் உனக்கு அப்படித் தோன்றுகிறதா, தோன்றினால் யாரிடம் போவாய் என்று கேட்பது வேறு காரியம்.

அவளுக்கு ஓர் எண்ணையும் சொன்னேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். ஒரு நாளைக்கு முப்பத்தைந்துக்கும் மேல். ஒரு வகுப்பறைக்குள் உட்காரும் பிள்ளைகள் அத்தனை பேர், ஒவ்வொரு நாளும். நாம் பேசாமல் இருந்த காலத்துக் கணக்கு இது.

அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "சரி, அந்த வகுப்புல என்னதான் பண்ணுவாங்க?"

ஐரோப்பாவில் பத்து நாடுகளில் 168 பள்ளிகளில், பதினைந்து வயதை ஒட்டிய 11,110 பிள்ளைகளிடம் மூன்று வழிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த டனுட்டா வாசர்மன் தலைமையில் நடந்த வேலை. 2015இல் லான்செட் இதழில் வந்தது. முதல் வழியில் ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி: ஆபத்தில் இருக்கும் பிள்ளையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று. இரண்டாவதில், கேள்வித்தாள் கொடுத்து, அதில் சிக்கலாகத் தெரிந்த பிள்ளைகளை மருத்துவரிடம் அனுப்பினார்கள். மூன்றாவதில் பிள்ளைகளுக்கே வகுப்பு. நான்கு வாரத்தில் மொத்தம் ஐந்து மணி நேரம்தான். அதில் மூன்று மணி நேரம் நடிப்பு. கையில் ஒரு சிறு புத்தகம், வகுப்பறைச் சுவரில் சில சுவரொட்டிகள். ஒப்பிட்டுப் பார்க்க, சுவரொட்டி மட்டும் ஒட்டிய பள்ளிகளும் இருந்தன.

ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, பிள்ளைகளுக்கே வகுப்பு எடுத்த பள்ளிகளில் புதிதாகத் தற்கொலைக்கு முயன்றவர்கள் 0.70 சதவீதம். சுவரொட்டி மட்டும் ஒட்டிய பள்ளிகளில் 1.51 சதவீதம். பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. மற்ற இரண்டு வழிகளிலும் அப்படிச் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை.

அந்த மூன்று மணி நேர நடிப்பைப் பற்றி அக்காவிடம் கொஞ்சம் நீட்டியே சொன்னேன், எனக்கு அதில் நம்பிக்கை அதிகம். நம் ஊருக்கு அதை இப்படி யோசிக்கலாம். காலாண்டுத் தேர்வில் கணக்கில் 22 மார்க். வீட்டில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். பையனாக ஒருவன், அப்பாவாக ஒருவன், கூட்டாளியாக ஒருவன். முதல் தடவை பையன் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை கூட்டாளியிடம் சொல்கிறான், அவன் "விடுடா, இதெல்லாம் ஒரு விஷயமா" என்கிறான். மூன்றாம் தடவை அதே கூட்டாளி, "ராத்திரி தூங்கினியாடா?" என்று கேட்கிறான். எந்த இடத்தில் பையனின் தோள் இறங்கியது என்று பார்த்துக்கொண்டிருக்கும் வகுப்புக்குத் தெரிந்துவிடும். அப்பாவாக நடித்தவனுக்குத் தன் அப்பாவின் குரலும் அதற்குப் பின்னால் இருக்கும் கவலையும் புரியும். கரும்பலகையில் மனச்சோர்வின் அறிகுறிகள் என்று எழுதிப்போட்டு நோட்டில் எழுதச் சொன்னால் இது வராது. தேர்வு வைத்து மதிப்பெண் போடும் பாடமாக இதை ஆக்கிவிட்டால் அன்றோடு வீணாகிவிடும்.

பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய ஒன்று உண்டு என்றேன். கூட்டாளி ஒருத்தி "நான் இல்லாமப் போனா எல்லாருக்கும் நிம்மதி" என்கிறாள், ஆசையாக வைத்திருந்த பொருளை எடுத்துக் கொடுக்கிறாள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்குகிறாள். அந்த ஒரு சத்தியத்தை மட்டும் மீறலாம். மீற வேண்டும். அவளைத் தனியே விடாமல், நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

அக்கா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பன்னெண்டாவதுல என் பக்கத்துல உக்காந்தவ," என்றாள். "வளையல் ரெண்டையும் கழட்டிக் குடுத்தா. சொல்லாதேன்னா. நான் சொல்லலை." அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். இப்போது திருப்பூரில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். தீபாவளிக்குத் தீபாவளி போன் வரும். அன்று ஆஸ்பத்திரியில் அவள் அப்பா வயிற்றுவலி என்று எழுதச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டாராம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம். வயிற்றுவலி என்றே எழுதி, வயிற்றுவலி என்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் மனசைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு அதுதான் ஆறவில்லை. பிழைத்து வந்த பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய முதல் உதவியை அந்தப் பயம் தின்றுவிட்டது. அக்காவிடம் சட்டத்தைச் சொன்னேன். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017இல் வந்துவிட்டது. அதன் 115ஆம் பிரிவுப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக்கூடாது, அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் கொடுப்பது அரசின் கடமை. முயற்சியையே குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவும் 2024 ஜூலையில் வந்த புதிய நியாயச் சட்டத்தில் இடம்பெறவில்லை. பெற்றோர் கூட்டத்தில் வேறெதைச் சொல்ல நேரமில்லாவிட்டாலும் இதைச் சொல்லிவிடு அக்கா என்றேன்.

"எல்லாம் சரி. பிள்ளை வந்து சொல்லுதுன்னு வை. யாருகிட்டச் சொல்லும்? கணக்கு சார்கிட்டயா?"

அவள் கேட்ட கேள்விகளிலேயே கனமானது இதுதான். பீகாரில் நாளந்தா மாவட்டத்தில் அரசுப் பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. 74 பள்ளிகள், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், உங்கள் பள்ளி மாதிரியேதான். 'சேஹர்' என்று பெயர். சுவர்ப் பத்திரிகை, பிள்ளைகள் மனசில் இருப்பதை எழுதிப் போட ஒரு பெட்டி, காலை வணக்கக் கூட்டத்தில் பேச்சு, கஷ்டத்தில் இருக்கும் பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசுவது. சில பள்ளிகளில் இதை அந்தப் பள்ளி ஆசிரியரே செய்தார். சில பள்ளிகளில் பெரிய மருத்துவப் படிப்பு எதுவும் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஒருவரை இதற்கென்றே வைத்தார்கள். வேலை ஒன்றே. 2018இல் முடிவு வந்தது. தனி ஆள் வைத்த பள்ளிகளில் சூழலே மாறியிருந்தது. மனச்சோர்வு குறைந்தது, சீண்டலும் அடிதடியும் குறைந்தன. ஆசிரியர் செய்த பள்ளிகளில் ஏறக்குறைய ஒன்றும் மாறவில்லை.

ஆசிரியர்கள் மேல் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பாடம், எமிஸ் பதிவு, தேர்தல் வேலை என்று அவர்கள் தலையில் இருப்பது ஏற்கெனவே அதிகம். அதோடு மார்க் போடுகிற கையிடம் மனசைக் கொடுக்கப் பிள்ளைக்குத் தயக்கம் இருக்கும். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தில் போனை எடுப்பவர்களும் தன்னார்வலர்கள்தான்; கேட்பதற்குப் பயிற்சி பெற்றவர்கள், அவ்வளவே. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள கவுன்சிலர் ஒருவராவது வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அது கிராமத்துப் பள்ளி வாசல்வரை வரட்டும், வர வேண்டும், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரைக்கும் ஓர் ஆள் வேண்டுமே.

சொல்ல மறந்த ஒன்றையும் இடையில் சொன்னேன். வயலுக்கு அடிக்கிற மருந்தைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கச் சொல்லிப் பெற்றோரிடம் பேச வேண்டும். சாகும் எண்ணம் உச்சத்தில் நிற்பது பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் பிள்ளை பேச வந்துவிடும். அக்கா தலையசைத்தாள். அவள் வீட்டில் அது மாட்டுக்கொட்டகை மூலையில் இருக்கிறதாம்.

பையிலிருந்து நோட்டை எடுத்தாள். போன் நம்பர் கேட்டாள். 14416, கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. பிள்ளைகளுக்கு 1098ம் உண்டு. இரண்டையும் பெரிதாக எழுதிக்கொண்டாள். தலைமையாசிரியை அறைக்கு வெளியே எழுதினால் நின்று பார்க்கப் பிள்ளைகள் கூச்சப்படும், தண்ணீர்த் தொட்டிச் சுவரில் எழுதச் சொல்கிறேன் என்றாள்.

பிறகு பேனாவைப் பிடித்தபடியே யோசித்தாள். "எங்க சத்துணவு அமைப்பாளர் இருக்காங்கல்ல தம்பி, பதினெட்டு வருஷமா அங்கதான் இருக்காங்க. எந்தப் பிள்ளை ரெண்டு நாளா சரியாச் சாப்பிடலைன்னு அவங்களுக்குத்தான் மொதல்ல தெரியும். பொண்ணுக வயித்துவலின்னா அவங்ககிட்டதான் போகும்."

அவருக்குப் பயிற்சி வேண்டும் என்றேன். கேட்பதற்கு, பதறாமல் இருப்பதற்கு, எப்போது மேலே அனுப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கு. மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் இருக்கும் அரசு ஆஸ்பத்திரியோடு தொடர்பு வேண்டும். எல்லாப் பாரத்தையும் அவர் ஒருத்தர் தலையில் ஏற்றிவிடக்கூடாது. மனசைக் கேட்பவருக்கும் மனசு உண்டு.

"அதை தீர்மானத்துலயே எழுதிடுறேன். அவங்க ஒத்துக்கிட்டாதான்," என்றாள் அக்கா. அமைப்பாளரின் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். "நாளைக்குக் காலையில பருப்பு வேகுறப்பப் போயிக் கேக்கணும். அப்பத்தான் கொஞ்சம் ஓய்வா இருப்பாங்க."

ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் போடச் சொன்னாள்.