மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு எந்த அட்டை?

சித்தூர், திருப்பதிப் பக்கம் ஓய்வுபெற்றவர்கள் கூடி மருத்துவ அட்டைகளைப் பற்றிப் பேசினால், பேச்சு தொகையில்தான் தொடங்கும். ஒருவர் அட்டைக்கு 5 லட்சம், இன்னொருவர் அட்டைக்கு 25 லட்சம். ஆனால் அறுபதைத் தாண்டியவர்கள் இருக்கும் வீட்டில் மாதம் தவறாமல் பணம் போவது மருந்துக் கடைக்கு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன், கொழுப்புக்கு அடார்வாஸ்டாடின், இவற்றோடு வயிற்றுக்கு ஒன்று, தைராய்டுக்கு ஒன்று. கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து மாதம் 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 30,000, பத்தாண்டில் 3 லட்சம். இந்த 3 லட்சத்தை யார் தருவார்கள் என்று கேட்டுக்கொண்டு அட்டைகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டும் திட்டம் ஒன்று 25 லட்ச ரூபாய் அட்டைக்கு முன்னால் வந்து நிற்கும். அது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

பெரிய அட்டையிலிருந்தே தொடங்கலாம். 2007இல் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி ஆட்சியில் ஆரோக்கியஸ்ரீ என்று தொடங்கிய திட்டத்துக்கு இப்போது டாக்டர் என்.டி.ஆர். வைத்திய சேவை என்று பெயர். ஆண்டு வருமானம் 5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கானது. 2023 டிசம்பரில் குடும்பத்துக்கான வரம்பு 25 லட்சமாக உயர்ந்தது. அரசுப் பென்ஷன் வாங்குகிறவர்களுக்குத் தனித் திட்டம் இருப்பதால் அவர்கள் இதில் வரமாட்டார்கள். ஆனால் 2002இல் மூடப்பட்ட சித்தூர் கூட்டுறவுப் பால் பண்ணை போன்ற இடங்களில் உழைத்துவிட்டு, பி.எஃப். பென்ஷனாக ஆயிரம், இரண்டாயிரம் மட்டும் வாங்குகிறவர்கள் பலருக்கு இதுதான் ஒரே துணை. பி.எஃப். பென்ஷனோடு மருத்துவ வசதி எதுவும் சேர்ந்து வருவதில்லை.

இந்த அட்டை எங்கே நிற்கிறது என்பது டிஸ்சார்ஜ் நாளன்று தெரியும். திட்டத்தில் உள்ள ஒவ்வொரு மருத்துவமனையிலும் மித்ரா என்ற உதவியாளருக்கு ஒரு மேசை உண்டு. மஞ்சப்பையில் ஸ்கேன் உறை, ஆதார் நகல், பழைய சீட்டுகள் எல்லாம் வைத்துக்கொண்டு நோயாளியின் மகளோ மருமகனோ அங்கே நிற்பார். கையில் ஒரு மருந்துக் கவர் கொடுத்து, "அய்யா, இது பத்து நாளைக்கு. அப்புறம் வெளியில வாங்கிக்கணும்" என்பார்கள். சிகிச்சைத் தொகுப்பில் அடங்குவது டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய பத்து நாள் மருந்துதான். இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையைப் பல மாதம் நிறுத்தக்கூடாது என்பதை நினைத்துப் பாருங்கள். இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கு, ஓராண்டு வரை மறு ஆலோசனை, பரிசோதனை, மருந்து எல்லாம் இலவசமாகக் கிடைக்கும் தொடர் சிகிச்சைத் தொகுப்பு இதே திட்டத்தில் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும். ஆகவே வீட்டுக்குக் கிளம்பும் முன், "எனக்குச் செய்த சிகிச்சைக்கு ஃபாலோ-அப் தொகுப்பு இருக்கிறதா, அடுத்து எந்தத் தேதியில் வர வேண்டும்?" என்று அந்த மேசையிலேயே கேளுங்கள். 104 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம்.

மாநில அரசுப் பென்ஷனர்களுக்கு இ.எச்.எஸ். அட்டை. பென்ஷனிலிருந்து மாதம் ஒரு சிறு தொகை பிடிப்பார்கள். நடத்துவது, வைத்திய சேவைத் திட்டத்தை நடத்தும் அதே அறக்கட்டளை. படுத்து எடுக்கும் சிகிச்சைக்கு நல்ல அட்டை. நாள்பட்ட சில நோய்களுக்குப் புறநோயாளி சிகிச்சையும் இதில் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் எல்லா நோய்க்கும் இல்லை, எல்லா மருத்துவமனையிலும் இல்லை. உங்கள் நோய் பட்டியலில் இருக்கிறதா, பக்கத்தில் எங்கே தருகிறார்கள் என்று ஒருமுறை நேரில் போய்க் கேட்டுவிடுவது, காய்ச்சலோடு வரிசையில் நிற்கும்போது கேட்பதைவிட மேல்.

மத்திய அரசுப் பென்ஷனர்களுக்கு உண்மையிலேயே ஒரு தேர்வு இருக்கிறது. சி.ஜி.எச்.எஸ். மையம் உள்ள ஊரில் வசித்தால் மருந்து அந்த மையத்திலேயே கிடைக்கும். மையத்தின் எல்லைக்கு வெளியே வசிப்பவர் மாதம் 1,000 ரூபாய் நிலையான மருத்துவப் படி பெறலாம். 2017 ஜூலையிலிருந்து இந்தத் தொகைதான். புறநோயாளிச் செலவுக்கு இந்தப் படியை வாங்கிக்கொண்டு, மருத்துவமனையில் சேரும்போது மட்டும் பயன்படும்படி சி.ஜி.எச்.எஸ். அட்டையும் எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. அட்டைக்குச் சந்தா ஓய்வுபெற்ற பதவியின் சம்பள நிலையைப் பொறுத்து மாதம் 250 முதல் 1,000 ரூபாய் வரை. பத்தாண்டுச் சந்தாவை ஒரே தவணையாகக் கட்டினால் ஆயுள் முழுவதும் செல்லும். மாதம் 450 ரூபாய் நிலையில் உள்ளவருக்கு அது 54,000 ரூபாய். ஓய்வுபெற்ற கையோடு கட்டிவிடுவது நல்லது என்பது என் எண்ணம். ஆண்டுக்கு 12,000 ரூபாய் படி, மேலே சொன்ன 30,000 ரூபாய் மாத்திரைக் கணக்கில் பாதியைக்கூட அடைக்காது. ஆனாலும் கையில் வரும் பணம்.

முன்னாள் ராணுவத்தினருக்கு 2003இல் தொடங்கிய ஈ.சி.எச்.எஸ். இருக்கிறது. ஹவில்தார் வரையிலானவர்கள் ஒரே முறை 30,000 ரூபாய் கட்டினால் போதும், மனைவிக்கும் சேர்த்து பாலிகிளினிக்கில் மருந்து கிடைக்கும். ரயில்வேயில் ஓய்வுபெற்றவர்களுக்கு, திருப்பதி வண்டிப் பழுதுபார்ப்புப் பணிமனையில் உழைத்தவர்கள் உட்பட, ரயில்வே மருத்துவத் திட்டம் உண்டு. அதிலும் மருந்து சேர்த்தி.

இப்போது அந்த 120 ரூபாய். இ.எஸ்.ஐ.யில் குறைந்தது ஐந்தாண்டு இருந்து, வயது முதிர்வில் ஓய்வுபெற்ற தொழிலாளி ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் அவர் மனைவிக்கும் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியிலும் மருத்துவமனையிலும் சிகிச்சை தொடரும். மாத்திரையும் அதில் அடக்கம். திருப்பதியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. ரேணிகுண்டா, கரகம்பாடிப் பக்கத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர், வேலை போனதும் இ.எஸ்.ஐ.யும் போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போகவில்லை. பழைய இ.எஸ்.ஐ. எண், ஓய்வுபெற்றதற்கான நிறுவனச் சான்று, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்துக்குப் போங்கள். மனம் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு செய்தி பரவ வேண்டுமென்றால் இது பரவட்டும்.

எழுபது நிறைந்தவர்களுக்கு 2024 அக்டோபர் 29 அன்று புதிய வாசல் ஒன்று திறந்தது. ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை. வருமானம் பார்ப்பதில்லை, ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு இல்லை, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். ஒரே குடும்பத்தில் எழுபது கடந்தவர்கள் இரண்டு பேர் இருந்தால் அந்த 5 லட்சம் இருவருக்கும் பொது. தனியார் காப்பீடோ இ.எஸ்.ஐ.யோ இருப்பவர்கள் அதை வைத்துக்கொண்டே இதையும் எடுக்கலாம். சி.ஜி.எச்.எஸ்., ஈ.சி.எச்.எஸ். போன்ற அரசுத் திட்டங்களில் இருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அந்தத் தேர்வில் அவசரம் வேண்டாம். இந்த அட்டையும் படுக்கைக்கானது, டிஸ்சார்ஜுக்குப் பின் 15 நாள் மருந்தோடு முடிந்துவிடும். பாலிகிளினிக்கிலோ மையத்திலோ மாதாமாதம் மருந்து வாங்குகிறவர் 5 லட்சம் என்ற எண்ணைப் பார்த்து மாறினால் நஷ்டப்படுவார். இ.எஸ்.ஐ.க்காரருக்கோ இது வரம். மாத்திரை அங்கே, ஆபரேஷன் இங்கே. வயதுக்கு ஆதாரில் உள்ள பிறந்த தேதியைத்தான் எடுத்துக்கொள்வார்கள். உத்தேசமாக ஜனவரி 1 என்று போட்டு, வயதையும் குறைத்துப் பதிந்த பெரியவர்கள் நம் ஊர்களில் நிறைய. முதலில் அதைச் சரிபாருங்கள். விசாரிக்க 14555.

தனியார் காப்பீட்டில் சில நல்ல மாற்றங்கள் வந்திருக்கின்றன. 2024 ஏப்ரலிலிருந்து 65 வயதுக்கு மேல் பாலிசி தர முடியாது என்ற நிலை இல்லை. முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் நான்காண்டிலிருந்து மூன்றாகக் குறைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, முன்பு 18 சதவீதம். முதியோர் பாலிசிகளில் பார்க்க வேண்டியது கோ-பே என்ற ஒரு வரி. 20 சதவீதம் என்று இருந்தால் 3 லட்ச ரூபாய் பில்லில் 60,000 நம் கையிலிருந்து போகும். அறை வாடகைக்கு உச்சவரம்பு உண்டா என்றும் பாருங்கள். பல ஆண்டு கட்டிவந்த பாலிசியை, வய வந்தனா வந்துவிட்டதே என்று எழுபதாவது வயதில் விட்டுவிடாதீர்கள். மறுபடி வாங்கப் போனால் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும்.

வங்கி ஓய்வூதியர்களின் குழுக் காப்பீட்டில் மருந்துக்கும் புறநோயாளிச் செலவுக்கும் சேர்த்து ஒரு வகை, அது இல்லாமல் ஒரு வகை என்று இருந்துவந்திருக்கிறது. முதல் வகைக்குக் கூடுதலாகக் கேட்கும் பிரீமியத்தையும் உங்கள் ஓராண்டு மருந்துப் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பில் குறைவென்றால் அந்த வகை வேண்டாம்.

இப்படி மருந்துக்கென்று தனியாகக் கணக்குப் பார்க்கும் பழக்கம் அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடக்கிறது. அங்கே 65 வயதானவர்களுக்கான மெடிகேர் திட்டத்துக்கு 1965இல் சட்டம் வந்தது. ஆனால் வீட்டில் சாப்பிடும் மாத்திரைக்கான பகுதி 2006இல்தான் நடைமுறைக்கு வந்தது. இப்போது அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை முதியவர்கள் தங்கள் மாத்திரைப் பட்டியலை வைத்துத் திட்டங்களை ஒப்பிட்டு மாற்றிக்கொள்கிறார்கள். 2025இல் ஒருவர் தன் கையிலிருந்து மருந்துக்குத் தருவதற்கு ஆண்டுக்கு 2,000 டாலர் என்று உச்சவரம்பும் வந்தது. பிள்ளைகளோடு கிரீன் கார்டில் அங்கே போகும் நம் ஊர்ப் பெற்றோர், சேர்வதற்கு ஐந்தாண்டு தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். திருப்பதிக்குத் திரும்பி வந்து நோய்ப்பட்டால் மெடிகேர் பொதுவாக உதவாது, ஆகவே இங்குள்ள பாலிசியைக் கைவிடாமல் போவது நல்லது. மருந்துக்கு ஒரு பகுதியைச் சேர்க்க அந்த நாட்டுக்கு நாற்பது ஆண்டு பிடித்தது. 25 லட்சம் தரும் அரசு, மாதாமாதம் வாங்கும் மாத்திரையையும் அட்டைக்குள் கொண்டுவர வேண்டும் என்று நம் பென்ஷனர் சங்கங்கள் உரக்கக் கேட்கலாம். சர்க்கரையும் அழுத்தமும் கட்டுக்குள் இருந்தால்தான் பெரிய செலவே தள்ளிப்போகும்.

அதுவரை செய்யக்கூடியது மூன்று. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிராமத்துக்கு வரும் 104 வண்டியிலும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் இலவசம். வெளியில் வாங்குவதென்றால் மருத்துவரிடம் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லி ஜன் ஔஷதிக் கடையில் வாங்குங்கள். வருமான வரி கட்டும் அளவுக்குப் பென்ஷன் வருகிறவர், காப்பீட்டுப் பிரீமியம் எதுவும் கட்டாதவராக இருந்தால், பழைய வரி முறையில் 80டி பிரிவின் கீழ் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை மருத்துவச் செலவைக் கழித்துக்கொள்ளலாம். ரொக்கமாகத் தராமல் கார்டிலோ போன் வழியாகவோ கட்டி, பில்லை வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக, பெயர். தமிழ்க் குடும்பங்களில் அப்பா பெயரின் முதலெழுத்து இனிஷியலாக வரும், தெலுங்குக் குடும்பங்களில் வீட்டுப் பெயர் முன்னால் வரும். பென்ஷன் புத்தகத்தில் ஒரு விதமாகவும் ஆதாரில் இன்னொரு விதமாகவும் இருப்பது சித்தூர் வட்டாரத்தில் சகஜம். மருத்துவமனை கவுண்டரில் அது பெரிய தொல்லையாகிவிடும். அதைவிட முக்கியம், மனைவியின் பெயர். பென்ஷனர் போன பிறகு குடும்பப் பென்ஷன் தொடரும், ஆனால் மருத்துவ அட்டையை மனைவி பெயருக்குத் தனியாக மாற்ற வேண்டும். சப் டிரஷரியில் குடும்பப் பென்ஷனுக்கு விண்ணப்பிக்கும் அன்றே அட்டைக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மாத்திரை வாங்க வேண்டிய தேதி அடுத்த மாதமும் வரும்.