சராசரிக்குள் மறைந்தவர்கள்

நாமக்கல் மாவட்டம் என்றதும் முட்டையும் லாரியும் நினைவுக்கு வரும். அதே மாவட்டத்தில், 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கொல்லிமலை. அங்கே சாமை, தினை, மரவள்ளி பயிரிட்டு வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு (கேரளத்தவரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளலாகாது) அடிவாரத்துச் செல்வத்தில் பங்கு மிகக் குறைவு. ஆயினும் மாவட்டத்திற்கு ஒரே சராசரி வருமானம் கணக்கிட்டால், சாமை விதைப்பவரும் கோழிப்பண்ணை முதலாளியும் அந்த எண்ணில் சமமாகிவிடுவர்.

இத்தகைய சராசரிகளைப் பிரித்துப் பார்ப்பதில் பல்லாண்டுகள் உழைத்தவர் பொருளியல் அறிஞர் அபூசாலிஹ் ஷரீஃப். டில்லியில் பயன்பாட்டுப் பொருளியல் ஆய்வுக்கான தேசியக் குழுவில் பணியாற்றிய காலத்தில், 33,000க்கும் மேற்பட்ட கிராமக் குடும்பங்களிடம் திரட்டிய தகவல்களைக் கொண்டு மாநிலவாரியான மனித மேம்பாட்டு அறிக்கையை உருவாக்கினார். 1999இல் அது நூலாக வெளிவந்தது.

2005 மார்ச்சில் நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையில் அமைந்த குழுவுக்கு அவரே உறுப்பினர் செயலர். 2006 நவம்பரில் வெளியான அறிக்கை, மக்கள்தொகையில் 13.4 விழுக்காடான முஸ்லிம்கள் ஆட்சிப்பணியில் 3, காவல்பணியில் 4 விழுக்காடே எனக் காட்டியது. ‘முஸ்லிம் பிள்ளைகள் மதரஸாவுக்கே போகின்றனர்’ என்ற பரவலான நம்பிக்கையையும் அது தகர்த்தது. பள்ளி வயதுப் பிள்ளைகளில் முழுநேர மதரஸாவில் பயில்வோர் நூற்றுக்கு நால்வருக்கு மேல் இல்லை. சுபுஹுக்குப் பின் குர்ஆன் ஓதிவிட்டு, ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடம் செல்லும் நம் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்து எழுந்த மயக்கமே அது. எண்ணிப் பார்க்கும்வரை அம்மயக்கத்தை மறுக்க நம்மிடம் சான்று இருக்கவில்லை.

அதே அளவுகோலை நம்மீதும் வைத்தல் வேண்டும். 2001 கணக்கெடுப்பில் இந்திய முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 விழுக்காடு; தமிழக முஸ்லிம்களுடையதோ 82.9. மாநிலச் சராசரியான 73.5ஐவிட இது மிகுதி. மேடைகளில் பெருமையோடு சொல்லப்படும் எண்தான். ஆனால் பொருளுணர்ந்து எழுதப் படிக்கத் தெரிந்த ஏழு வயதுச் சிறுவனும் பட்டதாரியும் அக்கணக்கில் ஒன்றே. வளைகுடாவில் பொருளீட்டும் கடலோரக் குடும்பத்தாரும், ஆம்பூரின் தோல் தொழிலாளியும், மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் பெண்ணும் அந்த 82.9க்குள் இன்னும் பிரிக்கப்படாமலே இருக்கின்றனர்.