உஷார்! மழை கொட்டும்போது ஏசியை அணைக்காதீர்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால், வடகிழக்குப் பருவமழை எந்த நேரமும் பிடித்துக்கொள்ளும். கார் வைத்திருப்பவர்கள் டயரைப் பார்க்கிறார்கள், பிரேக்கைப் பார்க்கிறார்கள். முன் கண்ணாடியை யாரும் கண்டுகொள்வதில்லை. சென்னை ஜிஎஸ்டி சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடிவிடுகிறது. பக்கத்தில் முந்தும் பஸ் வாரியடிக்கிற தண்ணீர் கண்ணாடியை 3 நொடி மூடினால் போதும், 60 மீட்டருக்கு மேல் கண் தெரியாமல் ஓட்டியிருப்பீர்கள். அந்த 60 மீட்டருக்குள் பின்விளக்கு எரியாத பைக் ஒன்று போய்க்கொண்டிருந்தால்?

தெறிக்கும் தண்ணீரையாவது வைப்பர் தள்ளிவிடும். உள்பக்கம் படியும் ஆவியை வைப்பரால் தொடவே முடியாது. மழை பிடித்ததும் நம்மில் பலர் ஜன்னல்களை ஏற்றிவிட்டு, குளிருகிறதே என்று ஏசியை அணைத்துவிடுகிறோம். வினையே அங்கேதான் ஆரம்பம். நனைந்த சட்டை, சொட்டும் குடை, நாலு பேர் மூச்சு எல்லாம் சேர்ந்து காருக்குள் ஈரம் ஏறிக்கொண்டே போகும். மழையில் குளிர்ந்துபோன கண்ணாடியில் அது வெள்ளையாகப் படியும். பதறிப்போய் உள்ளங்கையால் துடைப்போம். கையின் எண்ணெய்ப் பசை கோடுகோடாக நிற்க, எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் அந்தக் கோடுகளில் பட்டுச் சிதறி, சாலையே காணாமல் போகும்.

ஏசியைப் போடுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தைப் பிரித்து, காருக்கு அடியில் தண்ணீராகச் சொட்டவிட்டுவிடும். காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பி, ஃபேனைக் கூட்டுங்கள். வளைந்த அம்புக்குறி போட்ட ரீசர்குலேஷன் பட்டனை அணைத்துவிடுங்கள். உள்காற்றே சுற்றிச்சுற்றி வந்தால் ஆவி லேசில் போகாது. குளிர் தாங்கவில்லை என்றால் டெம்பரேச்சரை ஏற்றிக்கொள்ளலாம், ஏசியை மட்டும் நிறுத்தக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஏசிக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பும் இந்த யோசனையை எல்லா நேரமும் அப்படியே பின்பற்றினால் நம் ஊரில் அதுவே காலை வாரிவிடும். சென்னையில் மழை விட்ட ராத்திரி, வெளிக்காற்று வெதுவெதுப்பாக, ஈரம் நிறைந்து நிற்கும். ஏசியைக் கடுங்குளிரில் வைத்துக் கண்ணாடி மேல் அடித்தால் கண்ணாடி ஜில்லென்று ஆகி, இந்த முறை ஆவி வெளிப்பக்கம் படியும். அப்போது ஏசியைக் கூட்டக் கூட்ட மோசமாகும். உள்ளா வெளியா என்று கண்டுபிடிக்க வைப்பரை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். துடைத்த இடம் தெளிந்து, சற்று நேரத்தில் மறுபடி மங்கினால் அது வெளி ஆவி. காற்றைக் கண்ணாடியிலிருந்து விலக்கி, டெம்பரேச்சரை ஏற்றினால் போய்விடும். வண்டி நிற்கும்போதே இந்த பட்டன்களைப் பழகி வையுங்கள். கொட்டுகிற மழையில், 80 கிலோமீட்டர் வேகத்தில் தேடுகிற சமாசாரமில்லை இது.

துடைத்துத் துடைத்தும் தினமும் உள்ளே ஆவி பிடிக்கிறதா? பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். கண்ணாடியின் காலடியில், வைப்பர் உட்கார்ந்திருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தட்டின் ஓரங்களில் புங்க இலையும் வேப்பஞ்சருகும் மக்கிக் களிமண் மாதிரி அடைத்திருக்கும். மரத்தடியில் நிறுத்தும் கார்களில் இது சர்வ சாதாரணம். மழைத்தண்ணீர் வடிகிற வழி அது. பல கார்களில் உள்ளே காற்று வருகிற வழியும் அதுதான். வழி அடைபட்டால் தண்ணீர் உள்ளே கசிந்து கால்மிதிக்கு அடியில் தேங்கும். கால்மிதியைத் தூக்கி, அடியிலுள்ள கார்ப்பெட்டை உள்ளங்கையால் அழுத்துங்கள். கை நனைந்தால் அந்த ஈரம் காய்கிற வரை எந்த ஏசியும் திணறத்தான் செய்யும்.

வைப்பர் பிளேடுக்கு எமன், மழையல்ல, மே மாத வெயில். ரப்பர் விறைத்து, விளிம்பு வெடித்துப் போயிருக்கும். கிறீச்சிட்டாலோ, துடைத்த இடத்தில் தண்ணீர்க் கோடு நின்றாலோ மாற்றிவிடுங்கள், அதிலே கஞ்சத்தனம் வேண்டாம். பல கார்களில் இரண்டு பக்க பிளேடும் ஒரே நீளம் இல்லை. அளவு பார்த்து வாங்குங்கள். வாஷர் டேங்கில் உப்பு ஏறிய போர் தண்ணீரை ஊற்றாதீர்கள், வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். கண்ணாடியில் மண்ணெண்ணெய் தடவச் சொல்லும் கைவைத்தியத்தைத் தயவுசெய்து கேட்காதீர்கள். அது ரப்பரையும் கெடுத்து, ராத்திரியில் எண்ணெய்ப் படலமாகக் கண்ணைக் கூசவைக்கும்.

ஓட்டும்போது ஹெட்லைட் டிம்மில் இருக்கட்டும். ஹை பீம் போட்டால் மழைத்துளிகள்தான் பளபளக்கும், சாலை தெரியாது. நாலு இண்டிகேட்டரையும் மினுக்கிக்கொண்டு போகிறார்களே, அதைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. அப்படிப் போகிறவர் வலப்பக்கம் திரும்பப் போகிறாரா என்று பின்னால் வருபவருக்கு எப்படித் தெரியும்?

இவ்வளவுக்குப் பிறகும் வெள்ளைக் கோடு தெரியவில்லையா, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, சாலையை விட்டு முழுசாக வெளியே வந்துவிடுங்கள். பெட்ரோல் பங்க், ஹோட்டல் வாசல், டோல்கேட் பக்கத்து இடம் எதுவானாலும் சரி. மரத்தடியும் சுரங்கப்பாதையும் வேண்டாம். வேறு வழியே இல்லாமல் சாலையோரம் ஒதுங்க நேர்ந்தால், நிறுத்திய பிறகு நாலு இண்டிகேட்டரையும் போடுங்கள். பின்விளக்கைப் பார்த்து, ஓடுகிற வண்டி என்று நினைத்து உங்கள் பின்னாலேயே ஒருவர் வந்துவிடக் கூடாது.