பாரீஸ் செண்டுக்குத் தமிழ்ப் பெயர்!

கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, காந்தி பூங்காவைத் தாண்டினால் சாலைக் கம்போளம். திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உண்டாக்கிய இக்கடைத்தெருவில் இன்றும் தமிழ் வியாபாரிகள் பலர். இங்குள்ள அங்காடி மருந்துக் கடைகளில் பழுப்பு நிற வேர்க் கட்டுகள் விற்பனைக்கு இருக்கும். கடைக்காரர் அதை 'ராமச்சம்' என்பார். நம் ஊர்க்காரருக்கு அது வெட்டிவேர்.

இந்த வேருக்கும் பாரீஸ் பட்டணத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்றால் பலர் நம்பமாட்டார்கள். பாரீஸில் 1828-இல் தொடங்கப்பட்ட பழம்பெரும் வாசனைத் திரவிய நிறுவனம் கெர்லான். இந்த நிறுவனம் 1959-இல் ஆண்களுக்கென்று ஒரு செண்டை வெளியிட்டது. அதைத் தயாரித்தவர் ஜீன் பால் கெர்லான். அப்போது அவருக்கு வயது இருபதைச் சற்றே தாண்டியிருந்தது. செண்டுக்கு வைத்த பெயர் 'வெட்டிவர்'! பிரெஞ்சு நாக்கில் கொஞ்சம் திரிந்துவிட்டதே தவிர, சொல் முழுக்க முழுக்கத் தமிழ்ச் சொல்தான். தாவர நூலார் இப்புல்லுக்கு இட்ட பழைய லத்தீன் பெயரிலும் இதே 'வெட்டிவேர்' ஒளிந்திருக்கிறது.

சீசாவுக்குள் என்ன?

இந்தச் செண்டைப் பூசியதும் முதலில் வருவது ஆரஞ்சு, எலுமிச்சைப் பழத் தோலின் புத்துணர்ச்சியான மணம். சிறிது நேரத்தில் அது அடங்கி, மிளகும் ஜாதிக்காயும் காரமாகத் தலை காட்டும். கடைசியில் புகையிலையோடு சேர்ந்து வெட்டிவேர் வரும். வந்தால் பல மணி நேரம் போகாது.

இதற்குக் காரணம் உண்டு. எலுமிச்சை எண்ணெய் இலேசானது, சீக்கிரம் ஆவியாகிவிடும். வெட்டிவேர் எண்ணெய் கனமானது. மெதுவாகவே காற்றில் கலக்கும். தான் நிற்பதோடு, கூட இருக்கும் மணங்களையும் பிடித்து நிறுத்தும். அதனாலேயே செண்டு தயாரிப்பவர்கள் இதை அஸ்திவாரமாக வைக்கிறார்கள். மிளகும் ஜாதிக்காயும் மலையாள நாட்டுச் சரக்குகள், வெட்டிவேர் நம்முடையது. ஆக, பாரீஸ் சீசாவில் இருக்கும் சாமான்களில் பாதியைச் சாலைக் கம்போளத்திலேயே ஒரு பையில் வாங்கிவிடலாம்!

வேர் எண்ணெயாகும் விதம்

வெட்டிவேர்ப் புல்லுக்கு மணற்பாங்கான பூமி உகந்தது. தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டக் கடற்கரையிலும், கேரளத்தில் பொன்னானி, சாவக்காடு பக்கத்துக் கடலோர மணலிலும் இது பயிராகிறது. நட்டு ஓராண்டுக்கு மேல் காத்திருந்து, பிறகு வேரைத் தோண்டி எடுக்க வேண்டும். வேர் பக்கவாட்டில் படராமல் நேராகக் கீழே மூன்று மீட்டர் ஆழம் வரைகூட இறங்கும். இப்படி மண்ணை இறுகப் பிடிப்பதால், மண் அரிப்பைத் தடுக்க இதை வரப்பில் நடும்படி 1980-களில் உலக வங்கியின் நிபுணர்கள் பிரசாரம் செய்தனர்.

தோண்டிய வேரைக் கழுவி, உலர்த்தி, நீராவியில் ஒரு நாள் அளவுக்கு வடிக்க வேண்டும். 100 கிலோ வேரிலிருந்து கிடைக்கும் எண்ணெய் பெரும்பாலும் இரண்டு கிலோவுக்கு உள்ளேதான். நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள் கலந்த எண்ணெய் இது. ஆகவே, அதை அப்படியே ரசாயனச் சாலையில் செய்துவிட இன்று வரை கட்டுப்படியாகவில்லை. வேரைத் தோண்டித்தான் ஆக வேண்டும்.

கப்பலேறிய புல்

இப்புல்லும் நம்மவரைப் போலப் பிழைப்புக்குக் கடல் கடந்தது. இந்துமகா சமுத்திரத்தில் பிரெஞ்சுக்காரர் ஆளும் ரீயூனியன் தீவுக்குச் சென்ற நூற்றாண்டுக்கும் முன்பே தமிழர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனார்கள். அதே தீவில் விளைந்த வெட்டிவேர் 'பூர்போன் வெட்டிவர்' என்ற பெயரில் செண்டு வியாபாரத்தில் பெருமதிப்புப் பெற்றது. ஜாவாவிலும் அது வேரூன்றியது. இன்றோ உலக மார்க்கெட்டுக்கு வரும் வெட்டிவேர் எண்ணெயில் பாதிக்கு மேல், கரீபியக் கடலில் உள்ள ஹைட்டி என்ற ஏழை நாட்டிலிருந்து வருகிறது. பெயர் கொடுத்த தமிழ்நாடு வெகுவாகப் பின்தங்கி நிற்கிறது.

வாங்குவோர் கவனிக்க

விலை உயர்ந்த எண்ணெய் என்பதால், நடைபாதையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும் 'பாரின் செண்டு'களில் அசல் வெட்டிவேர் இருக்க வழியில்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் பிரெஞ்சுப் பெயரைப் பார்த்து, ஊருக்குப் போகும்போது மச்சானுக்கு என்று வாங்கி ஏமாற வேண்டாம். அசல் சீசாவின் விலையோ ஆயிரக் கணக்கில். மாதச் சம்பளக்காரருக்கு எட்டாதது.

ஆனால் வேர் எட்டும். நல்ல வேர் மண் இல்லாமல், மெல்லியதாக, முகர்ந்தால் முதல் மழை விழுந்த தரையைப் போல மணக்கும். மணம் குன்றியிருந்தால் பழைய சரக்கு. கழுவிய வேரைத் துணியில் முடிந்து மண்பானைத் தண்ணீரில் போடலாம். கேரளத்தில் தாகசமனிச் சரக்குகளோடு சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். துணிப் பெட்டியில் ஒரு பிடி வைத்தால் மணத்தோடு பூச்சியும் அண்டாது.

லக்னோவிலுள்ள மத்திய மருத்துவ, வாசனைப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் எண்ணெய் மிகுந்த புதிய ரகங்களை வெளியிட்டிருக்கிறது. வேரை வேராகவே கட்டிக் கொடுத்துவிடும் விவசாயிக்குக் கட்டுக்கான காசுதான் மிஞ்சும். கடலூர்க் கரையிலும் பொன்னானிக் கரையிலும் உள்ள சாகுபடியாளர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து வடிசாலை அமைத்தால், எண்ணெயின் விலையில் ஒரு பங்காவது அவர்கள் வீட்டுக்கு வரும். தமிழ்ப் பெயருக்கு உலகெங்கும் கிடைக்கும் மரியாதை, வேரைத் தோண்டும் தமிழனுக்கும் மலையாளிக்கும் கிடைக்க அதுவே வழி.