புது மாடு நம் வெயிலுக்குப் பழகும் வரை



நம் திண்டுக்கல் சமவெளியிலே, வேடசந்தூர், வடமதுரை, ரெட்டியார்சத்திரம் பக்கமெல்லாம், மழையை நம்பிய வெள்ளாமை ஒரு வருசம் கை கொடுக்கும், ஒரு வருசம் காலை வாரிவிடும். அதனாலே பால் பணத்தை நம்பிக் கலப்பின மாடு வாங்குகிறவர்கள் அநேகம். கடன் எடுத்து, ஈரோட்டுச் சந்தையிலோ பெங்களூர்ப் பக்கத்திலோ மாடு பிடித்து, லாரியில் ஏற்றிக் கொண்டு வருகிறோம். விற்றவர் வீட்டிலே கண் முன்னாலே 12 லிட்டர் கறந்த மாடு, நம் கொட்டத்துக்கு வந்த பத்தாம் நாள் 6 லிட்டரில் நிற்கிறது. தீனி எடுக்க மாட்டேன் என்கிறது. மத்தியானம் ஆனால் மூச்சு வாங்குகிறது. "தரகர் ஏமாத்திப்புட்டாரு" என்று சொல்லி, கேட்ட விலைக்குத் தள்ளிவிடுகிறோம். மாடு போய்விடும், கடன் மட்டும் வீட்டிலே நிற்கும்.

தரகு வியாபாரத்திலே ஏமாற்று இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பல நேரங்களிலே குறை மாட்டில் இல்லை. இடம் மாறி வந்த உடம்புக்கு நாம் அவகாசம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். எவ்வளவு அவகாசம் வேண்டும், அந்த நாட்களிலே நாம் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

முதலில் மனுசன் கதையைப் பார்ப்போம். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பட்டாளத்திலே இருக்கிறார்கள். ஒரு ஜவானை 9,000 அடிக்கு மேலே உள்ள லடாக் போன்ற இடத்துக்கு அனுப்பினால், போன அன்றைக்கே காவலுக்கு நிறுத்துவதில்லை. முதல் கட்டமாக ஆறு நாள் கொடுக்கிறார்கள். அதிலும் முதல் இரண்டு நாள் ஓய்வு, பிறகு மெல்ல நடை, அதற்குப் பிறகுதான் ஏற்றம். உடம்பு அந்த மெல்லிய காற்றுக்கு ஏற்ப மூச்சையும் ரத்தத்தையும் சரிசெய்துகொள்ளக் காலம் வேண்டும் என்பதுதான் காரணம். வெயிலுக்கும் இதே கணக்குத்தான். குளிர்ந்த ஊரிலிருந்து வந்தவன் வெயிலிலே வேலை செய்தால் முதல் நாள் தலை சுற்றும். ஒன்றிலிருந்து இரண்டு வாரத்திலே அவனுக்கு வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் வரும், வியர்வையோடு போகிற உப்பு குறையும், உடம்பு தாங்கிக்கொள்ளும். திடகாத்திரமான ஜவானுக்கே ஆறு நாள் என்றால், வாய் பேசாத மாட்டிடம் வந்த மறுநாளே முழுப் பாலை எதிர்பார்ப்பது நியாயமா?

மாட்டுக்கு நம்மைவிடச் சிரமம் கூடுதல். ஏன் என்று கேட்பீர்கள். மாட்டின் பெருவயிற்றிலே தீனி புளித்துச் செரிக்கும்போது எந்நேரமும் சூடு பிறக்கிறது. பால் அதிகம் சுரக்கிற மாட்டுக்கு இந்தச் சூடும் அதிகம். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலே 25 டிகிரி வெயில் வரைக்கும் சீமை மாட்டுக்குக் கவலை இல்லை. நம் சித்திரை வெயில் 38, 39 டிகிரிக்குப் போகிறது. அப்போது உள்சூடு வெளியேற வழியில்லாமல், மாடு தானாகவே தீனியைக் குறைக்கிறது. தீனி குறைந்தால் பால் குறைகிறது. மாடு செய்வது முரண்டு இல்லை, தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்கிற வேலை. பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 3,000 அடி உயரம். திண்டுக்கல் 1,000 அடிக்கும் கீழே. ஒரே ராத்திரி லாரிப் பயணத்திலே அந்த மாடு எவ்வளவு இறங்கி வந்திருக்கிறது பாருங்கள்.

பழக்கம் என்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒரு பிராணி தன் ஆயுளுக்குள்ளே பழகுவது. வியர்வை கூடுவது, தடித்த மயிர் உதிர்ந்து மெல்லிய மயிர் வருவது எல்லாம் இந்த வகை. முதலாவதற்குச் சில வாரம், இரண்டாவதற்கு ஒரு பருவமே ஆகும். இன்னொன்று, பரம்பரை பரம்பரையாக இனத்திலேயே ஊறிப்போவது. நம் காங்கேயம் மாட்டைப் பாருங்கள். தளர்ந்த தோல், தொங்குகிற அலைதாடி, குட்டை மயிர். சூடு வெளியேற நல்ல வசதி. பிரேசில் நாட்டிலே ஐரோப்பிய மாடுகள் வெயிலையும் உண்ணியையும் தாங்காத இடங்களுக்காக, 19, 20-ஆம் நூற்றாண்டுகளிலே நம் நாட்டு ஓங்கோல் மாட்டைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். அங்கே நெல்லூர் என்ற பெயரிலேயே அது பெருகி நிற்கிறது.

நம் மாவட்டத்துக்குள்ளேயே இதைப் பார்க்கலாம். கொடைக்கானல் மலையிலே மன்னவனூரில் 1965 முதல் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே பாரத் மெரினோ என்ற கம்பளி ஆடு நன்றாக வளர்கிறது. அதே கம்பளியோடு நத்தம் வெயிலுக்கு அது இறங்கி வந்தால் என்ன பாடுபடும்? சமவெளிக்குக் கச்சைக்கட்டி கருப்பு போன்ற முடி குறைந்த ஆடுதான் ஏற்றது. ஆகவே நாம் எவ்வளவு கவனித்தாலும் முதல் வகைப் பழக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. இதனால்தான் சமவெளிக்கு ஜெர்சி கலப்பு, மலைப்பகுதிக்கு ஃபிரீசியன் கலப்பு என்று சிபாரிசு செய்கிறோம். ஜெர்சி உடல் சிறியது, சூட்டைச் சீக்கிரம் வெளியே விடும். சீமை ரத்தம் பாதியைத் தாண்டி ஏற ஏற, பால் கூடுவதோடு பராமரிப்புச் செலவும் கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன?

மாடு வாங்கும் காலம் முக்கியம். ஐப்பசி மழை ஓய்ந்து, கார்த்திகைக் கடைசியிலிருந்து தை வரைக்கும் வாங்குங்கள். பசுந்தீவனம் கிடைக்கும், வெயிலும் படிப்படியாக ஏறும். மாடு கூடவே பழகிக்கொள்ளும். பங்குனி, சித்திரையில் வாங்கினால் பயணக் களைப்பு, தீனி மாற்றம், வெயில் மூன்றும் ஒன்றாகத் தலையில் விழும். லாரியில் ராத்திரி நேரத்தில் ஏற்றுங்கள். நிறைசினை மாட்டைத் தூர தேசத்திலிருந்து ஏற்றவே வேண்டாம்.

தீனியை ஒரே நாளில் மாற்றாதீர்கள். பெருவயிற்றிலே தீனியைச் செரிப்பது கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். அவை பழைய தீனிக்குப் பழகினவை. விற்றவர் என்ன தீனி போட்டார் என்று கேட்டு, கூடவே ஒரு வாரத் தீனியை விலைக்கு வாங்கி வாருங்கள். அதிலே நம் சோளத்தட்டை, புண்ணாக்கு, தவிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, பத்துப் பதினைந்து நாளில் முழுதும் மாற்றுங்கள். வெயில் காலத்திலே வைக்கோல், தட்டையை ராத்திரியிலும், பசும்புல்லைப் பகலிலும் போடுங்கள். காய்ந்த தீனி செரிக்கும்போதுதான் சூடு அதிகம். தண்ணீர் எந்நேரமும் நிழலிலே இருக்கட்டும். கறவை மாடு கோடையிலே நாளைக்கு 80, 100 லிட்டர்கூடக் குடிக்கும்.

மண்பானையிலே தண்ணீர் எப்படிக் குளிர்கிறது? கசிகிற ஈரம் காற்றில் ஆவியாவதால்தானே? மாட்டுக்கும் அதே வித்தை. மத்தியானம் உடம்பிலே தண்ணீர் தெளித்து, காற்று படுகிற இடத்திலே கட்டுங்கள். காற்றே புகாத கொட்டத்திலே தெளித்தால் புழுக்கம் கூடிக் கெடுதலாகும். தகரக் கூரையானால் மேலே தென்னங்கீற்று பரப்புங்கள். கொட்டத்தின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும்.

கறவை விசயம் ஒன்று. புது இடத்திலே மிரண்ட மாடு பாலை அடக்கும். பயம் வந்தால் பாலை இறக்குகிற சுரப்பு வேலை செய்யாது. ஒரே ஆள், ஒரே நேரம், அதட்டாமல் கறங்கள். நாலைந்து நாளில் பழகிவிடும். அவசரப்பட்டுப் பால் இறக்கும் ஊசி போடவே கூடாது.

கடைசியாக நோய். புது மாட்டை மூன்று வாரமாவது மற்ற மாடுகளோடு சேர்க்காமல் தனியாகக் கட்டுங்கள். கோமாரி, தோல் கழலை நோய்களுக்குத் தடுப்பூசி போட்டதா என்று கேளுங்கள். உண்ணி இல்லாத கொட்டத்திலே வளர்ந்த மாட்டுக்கு நம் ஊர் உண்ணிக் காய்ச்சலை எதிர்க்கும் சக்தி இருக்காது. கடுங்காய்ச்சலோடு மூத்திரம் காபித் தண்ணீர் நிறத்தில் போனாலோ, சப்பைக்கு முன்னாலே கழலை வீங்கினாலோ, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் நடமாடும் மருத்துவ வண்டிக்கு ஏற்பாடு செய்வார்கள்.

வெயிலிலே மாடு தாங்குகிறதா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மத்தியானம் மூன்று மணிக்கு விலாவைப் பார்த்து ஒரு நிமிசம் மூச்சை எண்ணுங்கள். 60-க்கு மேல் போனால் சிரமப்படுகிறது. 80-ஐத் தாண்டி, வாயைத் திறந்து எச்சில் ஒழுக நின்றால் ஆபத்து. தண்ணீர் ஊற்றி உடனே மருத்துவரை அழையுங்கள். நாளாக நாளாக எண்ணிக்கை இறங்கி, மாடு படுத்து நிதானமாக அசை போட ஆரம்பித்தால், பழகி வருகிறது என்று அர்த்தம். பாலும் பின்னாலேயே வரும்.

ஆகவே பாலை வைத்து முதல் மாதத்திலேயே மாட்டை எடை போட்டுவிடாதீர்கள். கடன் தவணைக்கும் முதல் இரண்டு மாதம் கொஞ்சம் கையிருப்பு ஒதுக்கி வைத்துக்கொண்டு மாடு வாங்குங்கள். அந்தக் கையிருப்பு இருந்தால் பதறி விற்கத் தோன்றாது.